மாஸ்டரின் உப்புக் கணக்கு

ரொட்டி சுடுகிறவரைப் பார்த்து ஒரு டாக்டர் "ரொட்டி சாப்பிடாதீங்க" என்று சொன்னால் அந்தக் குடும்பம் என்ன பாடுபடும் என்று நினைத்துப் பாருங்கள். நாங்கள் பட்டோம்.

என் வீட்டுக்காரர் எங்கள் பேக்கரியின் அடுப்பைப் பார்த்துக்கொள்கிறார், நான் கல்லாவைப் பார்த்துக்கொள்கிறேன், கூடவே வருகிறவர்கள் வாயையும் என் வாயையும். தெருவே அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடும். எனக்குக் கோபம் வந்தால் நானும் அப்படித்தான் கூப்பிடுவேன். ஆக, ஒரு நாளில் பாதி நேரம் எனக்கும் அவர் மாஸ்டர்தான்.

மனிதருக்குக் காலையில் அடுப்பிலிருந்து இறங்கும் முதல் பன், டீயோடு நாலு ரஸ்க், நடக்கிற வழியில் தட்டிலிருந்து உடைந்த பிஸ்கட், கேக் வெட்டினால் ஓரம் முழுக்க அவருக்கு. இப்படியே முப்பத்தோரு வருஷம் ஓட்டினார். போன மாதம் ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டரம்மா, சர்க்கரை எல்லைக்கோட்டில் வந்து நிற்கிறது, மாவும் இனிப்பும் குறைத்தால் மாத்திரை இல்லாமலே பார்த்துக்கொள்ளலாம் என்றார். குறைக்கத்தான் சொன்னார். ஆனால் எங்கள் மாஸ்டருக்கு எதையும் பாதியாகச் செய்யத் தெரியாது. நேராக எதிரே இருக்கும் கறிக்கடைக்காரரிடம் போய் யோசனை கேட்டார்.

"மாஸ்டரே, வெறும் கறி தின்னுங்க. மாவு கிட்டயே போகாதீங்க. எத்தனை பேரு இளைச்சிருக்காங்க தெரியுமா?" என்றார் அவர்.

கறிக்கடைக்காரர் வேறு என்ன சொல்வார்? செருப்புக் கடையில் கேட்டிருந்தால் நடக்கச் சொல்லியிருப்பார்கள்.

அன்றிலிருந்து எங்கள் பேக்கரியின் பின்னறையில் ஒரு சின்ன அடுப்பும் இரும்பு வாணலியும் குடியேறின. காலையில் கறி, மதியம் கறி, சாயங்காலம் கறி. அந்த வாணலியை என்னைத் தொடக்கூட விடவில்லை. "இது வேற கணக்கு, உனக்குப் புரியாது" என்றார். சரி, எனக்கு ஒரு வேலை மிச்சம் என்று நானும் விட்டுவிட்டேன். அங்கேதான் தப்பு செய்தேன்.

முதல் வாரம் கொண்டாட்டம். தொப்பை உள்ளே போனது. பெல்ட்டில் புதிதாக இரண்டு ஓட்டை போட்டார். மாவு பிசைந்துகொண்டே பாடினார். எனக்குப் பொறாமையாக இருந்தது என்றே சொல்லிவிடுகிறேன். நான் ஆறு மாதம் நடையாக நடந்தும் என் இடுப்பு இருந்த இடத்திலேயே இருக்கிறது.

இரண்டாவது வாரம் பாட்டு நின்றது. மண்டை இடிக்கிறது என்றார். மதியம் படுத்தவர், "ஐயோ, கால்!" என்று அலறிக்கொண்டு எழுந்தார். கெண்டைக்கால் கல்லாக இறுகிக் கிடந்தது. நானும் மகளும் ஆளுக்கு ஒரு காலை இழுத்துப் பிடித்தோம். குனிந்து நிமிர்ந்தால் தலை சுற்றுகிறது என்று கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அடுப்புச் சூட்டில் வியர்வை ஊற்ற, ஜக்கு ஜக்காக வெறும் தண்ணீர் குடித்தார். குடிக்கக் குடிக்க இன்னும் தளர்ந்தார். ஒரு நாள் பன் தட்டை வெளியே இழுத்தவர் அப்படியே சாய்ந்தார். நாற்பத்தெட்டு பன்னும் தரையில் உருண்டு ஓடின. "பாரு, என்னை விட்டு ஓடுதுங்க" என்று உட்கார்ந்தபடியே சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இதயமோ என்று நினைத்தேன். வாயைத் திறந்து சொல்லத்தான் தைரியம் இல்லை.

இதில் என்ன சங்கடம் என்றால், மகளுக்குக் கல்யாணம் பன்னிரண்டு நாளில். எங்கள் கடைக்கு ஒரு வழக்கம் உண்டு. கல்யாண கேக் எதுவானாலும் மாஸ்டர்தான் பலகையில் வைத்து, தானே தூக்கிக்கொண்டு போய் மேஜையில் இறக்குவார். வண்டியில் ஏற்ற மாட்டார். இன்னொருவர் கை பட விடமாட்டார். இந்தத் தெருவில் பாதிப் பேருடைய கல்யாண கேக் அவர் கையில் நடந்து போனதுதான். ஒன்றுகூட விழுந்ததில்லை. இப்போது சொந்த மகளுக்கு மூன்று அடுக்குக் கேக், பதினாலு கிலோ. தெருமுனை வரை நடக்க வேண்டும், அங்கே இருக்கும் கல்யாண ஹாலுக்குப் பதினெட்டுப் படி ஏற வேண்டும்.

மகள் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறாள். எந்த நேரத்தில் பிரேக் மேல் கால் வைக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். பன் உருண்ட அன்று சாயங்காலம் அப்பா முன்னால் வந்து நின்றாள்.

"அப்பா, கேக்கை வேற யாராவது தூக்கட்டும்."

"முடியாது."

"அப்ப கேக்கை வேற கடையில சொல்லிடறேன். அவங்களே வண்டியில கொண்டு வந்து வெச்சிருவாங்க. ஞாயித்துக்கிழமை வரைக்கும் பார்ப்பேன். அதுக்குள்ள நீங்க நேரா நிக்கலன்னா, போன் பண்ணிடுவேன். கேக் விழுந்தா விழட்டும்பா. நீங்க விழக்கூடாது."

அவர் ஏற்கெனவே துடைத்த மேஜையை மறுபடியும் துடைத்தார். வேற கடை கேக் அவர் மகள் கல்யாணத்தில்! அதைவிடப் பெரிய அடி அந்த மனிதருக்குக் கிடையாது. அவள் போன பிறகு ஒரு சூடான பன்னைக் கையில் எடுத்தார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். மோந்து பார்த்துவிட்டுத் தட்டிலேயே திரும்ப வைத்தார்.

"மறுபடி ரொட்டி தின்னா கால் சரியாயிடும்னு தோணுது. ஆனா சர்க்கரை ஏறிடுமே" என்றார்.

"நீங்களா ஒண்ணும் முடிவு பண்ண வேணாம். எழுந்திருங்க மாஸ்டர். கிளினிக் மூடறதுக்குள்ள போவோம்."

அவருக்கும் பயம்தான். வழியெல்லாம் என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். அவர் தெருவில் என் கையைப் பிடித்தது எனக்கு நினைவு தெரிந்து அதுதான் முதல் தடவை.

டாக்டரம்மா படுக்க வைத்து ஒரு தடவை, நிற்க வைத்து ஒரு தடவை பிரஷர் பார்த்தார். நிற்கும்போது சரசரவென்று இறங்கியது. இதயத்துக்கு ஈ.சி.ஜி. எடுத்தார், ரத்தமும் எடுத்தார். மறுநாள் காலை காகிதத்தைப் பார்த்துவிட்டு, "இதயம் பிரமாதமா இருக்கு" என்றார். எனக்கு அப்போதே எழுந்து ஒரு ஆட்டம் போடலாம் என்று இருந்தது. "சர்க்கரையும் நல்லா இறங்கிட்டு வருது. ஆனா சோடியம் குறைஞ்சிருக்கு. பொட்டாசியமும் மக்னீசியமும் கீழ்க்கோட்டைத் தொட்டுட்டு நிக்குது. மாஸ்டர், கறியில எவ்வளவு உப்பு போடறீங்க?"

மாஸ்டருக்கு முகம் மலர்ந்தது. கணக்கு கேட்டுவிட்டார்கள் அல்லவா! சட்டைப் பையிலிருந்து தன் நோட்டை எடுத்தார். பிசுபிசுப்பும் மாவுமாக இருக்கும் அந்த நோட்டில்தான் எங்கள் கடையின் ரொட்டி, பன், கேக் எல்லாமே இருக்கின்றன.

"எல்லாம் அளவா எழுதி வெச்சிருக்கேன் டாக்டர்" என்று நீட்டினார்.

டாக்டரம்மா கறிக் கணக்கு எழுதிய பக்கத்தைப் புரட்டிப் பார்த்தார். நெற்றியைச் சுருக்கினார். "மாவு பூஜ்யம். ஈஸ்ட் பூஜ்யம். உப்பு பூஜ்யம். இது என்னங்க?"

எனக்கு ஒரே நொடியில் விளங்கிவிட்டது. ரொட்டிக்காரர்கள் எதையும் கிராமில் யோசிக்க மாட்டார்கள். மாவுதான் அவர்களுக்கு நூறு. மாவு நூறு என்றால் தண்ணீர் அறுபது, உப்பு இரண்டு, ஈஸ்ட் ஒன்று. மாவு ஏறினால் எல்லாம் ஏறும், மாவு இறங்கினால் எல்லாம் இறங்கும். முப்பத்தோரு வருஷமாக இந்த மனிதர் உலகத்தையே அப்படித்தான் நிறுத்துப் பார்க்கிறார்.

"என்னங்க," என்றேன், "மாவு இல்லைன்னு உப்பையும் விட்டுட்டீங்களா?"

"மாவு நூறுக்கு உப்பு ரெண்டு. மாவே இல்லைன்னா ரெண்டு எங்கேர்ந்து வரும்?" என்றார் அவர், என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டபடி. "அதுவும் உப்பு எதுக்குப் போடறோம்? ஈஸ்டை அடக்கறதுக்கு. கறியில அடக்கறதுக்கு என்ன இருக்கு?"

நான் சிரிக்க ஆரம்பித்தேன். அடக்கவே முடியவில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அதில் பாதி பயம் இறங்கிய தண்ணீர். டாக்டரம்மாவுக்கு நான் கணக்கை விளக்கிச் சொன்னதும் அவரும் ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டுச் சிரித்தார். மாஸ்டர் மட்டும் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இங்க பாருங்க மாஸ்டர்," என்றார் டாக்டரம்மா, மூச்சு வாங்கிக்கொண்டு. "இத்தனை வருஷமா உங்களுக்கு உப்பு ரொட்டியிலேர்ந்து வந்துட்டிருந்தது. அதை நிறுத்தியாச்சு. மாவுச்சத்தை விட்டா உடம்பு முதல்ல தண்ணியை வெளிய தள்ளும், தண்ணியோட உப்பும் போயிடும். அது போதாதுன்னு அடுப்புக்கு முன்னாடி வேர்வை. அதுக்கு மேல வெறும் தண்ணி. மத்தவங்க உப்பைக் குறைக்கணும். நீங்க ஏத்தணும். உங்களுக்கு பிரஷர் வியாதி இல்ல, கிட்னி நல்லா இருக்கு, அதனாலதான் இந்தத் தைரியத்துல சொல்றேன். இதைக் கேட்டுட்டு பக்கத்து வீட்டுக்காரர் செய்யக்கூடாது."

பிறகு வரிசையாகச் சொன்னார். கறிக்கு உப்பு போடணும். எலும்பை வேகவைத்து, உப்பு போட்டு அந்தத் தண்ணீரைக் குடிக்கணும். பொட்டாசியத்துக்குக் கீரையும் மீனும், மக்னீசியத்துக்கு ஒரு பிடி பாதாமும் பூசணி விதையும். வெறும் கறி என்று பிடிவாதம் பிடிக்க வேண்டாம், கீரை தின்றால் சர்க்கரை கோபித்துக்கொள்ளாது. சனிக்கிழமை மறுபடி ரத்தம்.

கிளினிக் வாசலிலேயே மாஸ்டர் நின்று நோட்டைத் திறந்தார். புதுப் பக்கம். 'கறி நூறு' என்று எழுதினார். யோசித்தார். 'உப்பு ஒன்று' என்று எழுதினார்.

"இப்பதான் கணக்கு நிக்குது" என்றார்.

அன்று மதியம் கறிக்கடைக்காரர் ஓடி வந்தார். விஷயம் தெருவுக்கே தெரிந்துவிட்டது, நான் கல்லாவில் இருக்கிறேன் அல்லவா. "உப்பு போடாமயா தின்னாரு? தங்கச்சி, நான் உப்பைச் சொல்லவே இல்லையே, அது சொல்ல வேண்டிய விஷயமா?" என்று தலையில் கை வைத்தார். பாவத்துக்குப் பரிகாரமாக ஒரு கூடை எலும்பு கொடுத்துவிட்டுப் போனார். மாஸ்டர் உப்பு போட்ட முதல் துண்டை வாயில் வைத்தார். கண்ணை மூடினார். "அடப்பாவி, கறி இவ்வளவு நல்லா இருக்குமா?" என்றார். ரெண்டு வாரம் அந்த மனிதர் சப்பென்று தின்றிருக்கிறார், அதுவும் பெருமையோடு!

இரண்டாம் நாள் தலைவலி போனது. மூன்றாம் நாள் மதியம் கால் இறுகாமல் குறட்டை விட்டுத் தூங்கினார். நான் பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் குறட்டையை ஆசையாகக் கேட்டேன். நம்புங்கள், அதே குறட்டைக்கு எத்தனை தடவை தலையணையால் அடித்திருக்கிறேன். சனிக்கிழமை ரத்தத்தில் எல்லாம் கோட்டுக்குள் வந்திருந்தன. ஞாயிறு காலை மகள் வந்தபோது பாட்டு மறுபடி கேட்டுக்கொண்டிருந்தது. இருபத்தைந்து கிலோ மாவு மூட்டையைத் தோளில் போட்டு மாடிக்கு ஏறி இறங்கிக் காட்டினார். அவள் அப்பாவின் கால்களை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரி," என்றாள் கடைசியில். "தூக்குங்க. ஆனா படியில நான் முன்னாடி வருவேன்."

கல்யாணத்தன்று காலை பதினோரு மணிக்கு மாஸ்டர் வெள்ளைக் கோட்டோடு கடையிலிருந்து வெளியே வந்தார். கையில் பலகை, பலகை மேல் மூன்று அடுக்கு. தெருவே ஒதுங்கி வழிவிட்டது. கறிக்கடைக்காரர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு நின்றார். நான் ஒரு எட்டு பின்னாலேயே, கையில் உப்பு போட்ட எலும்புத் தண்ணீர் பாட்டிலுடன் நடந்தேன். கல்யாணப் பெண்ணின் அம்மா பூ வைத்துக்கொண்டு வருவாள், நான் பாட்டில் வைத்துக்கொண்டு வந்தேன்.

ஹால் வாசலில் மகள் காத்திருந்தாள். கல்யாண உடையை ஒரு கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அப்பாவுக்கு முகம் காட்டிப் பின்பக்கமாகவே படியேறத் தொடங்கினாள்.

"நீ விழுந்துடாதேடி!" என்று நான் கத்தினேன். யாரும் காதில் வாங்கவில்லை.

"மெதுவா... நேரா என்னைப் பாருங்க... கீழ பார்க்காதீங்க. ஒண்ணு. ரெண்டு." கார் ஓட்டப் பழகுகிறவர்களிடம் பேசும் அதே குரல். அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு ஏறினார். பத்தாவது படியில் நின்றார். நான் பாட்டில் மூடியைத் திருகித் திறந்தேன்.

"என்னப்பா, கால் பிடிக்குதா?"

"இல்லடா. உன்னைப் பார்த்தேன். அதான் நின்னேன்."

மீதி எட்டுப் படியை அவள் எண்ணவில்லை. எண்ண முடியவில்லை, அழுதுகொண்டிருந்தாள். அவர் மேஜையில் பலகையை இறக்கியபோது கேக்கின் மேலே இருந்த சர்க்கரைப் பூ ஒன்றுகூட அசையவில்லை. ஹால் முழுவதும் கைதட்டியது. மாப்பிள்ளையைவிட அவருக்குத்தான் அதிகம் தட்டினார்கள், மாப்பிள்ளை உட்பட.

வெட்டி எல்லோருக்கும் கொடுத்த பிறகு எனக்கும் ஒரு துண்டு வந்தது. அவருக்கு வரவில்லை, அவர் கேட்கவும் இல்லை. கறிக்கடைக்காரர் கொண்டுவந்த டப்பாவிலிருந்து வறுத்த கறியைத் தின்றுகொண்டு என் வாயையே பார்த்தார். சொந்த மகளின் கல்யாண கேக்கை, மாவு கலந்ததிலிருந்து சுட்டது வரை, ஒரு சிட்டிகைகூட ருசி பார்க்காமல் செய்திருக்கிறார்.

"எப்படி இருக்கு?" என்றார். சின்னக் குரலில் கேட்டார்.

முப்பத்தோரு வருஷமாக இந்தக் கேள்விக்கு நான் "பரவாயில்ல" என்றுதான் பதில் சொல்லி வந்திருக்கிறேன். கொஞ்சம் இடம் கொடுத்தால் தலையில் ஏறி உட்கார்ந்துவிடுவார் என்று பயம்.

"நீங்க செஞ்சதுலயே இதுதான் நல்லாருக்கு," என்றேன். "எப்பவுமே நல்லாத்தான் செய்வீங்க. நான்தான் சொன்னதில்ல."

அவர் மென்றுகொண்டிருந்ததை நிறுத்திவிட்டார். பிறகு என் தட்டில் இன்னொரு பெரிய துண்டை எடுத்து வைத்தார்.

"என் பங்கையும் நீயே சாப்பிடு," என்றார். "சாப்பிட்டுட்டு மறுபடி சொல்லு."