ஒரு பருக்கையும் வெளியே போகாது

கல்லூரி மெஸ்ஸுக்குப் பின்னால் உடைந்த பெஞ்சுகளும் கால் போன நாற்காலிகளும் குவிந்து கிடந்த இடத்தை ஒரே வாரத்தில் சுத்தம் செய்து, ‘சமூகத் தோட்டம்’ என்று பலகை நட்டுவிட்டார்கள். முன்னால் நின்று செய்தவர் பொருளாதாரம் நடத்தும் விரிவுரையாளர். வளாகத்தின் பசுமைத் திட்டம் அவர் பொறுப்பில் இருந்ததால் பிள்ளைகள் அவருக்குப் பச்சை சார் என்று பேர் வைத்திருந்தார்கள். நல்ல மனிதர், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. குரலை உயர்த்தமாட்டார், கடைநிலை ஊழியரைக்கூட ‘நீங்க, வாங்க’ என்றுதான் பேசுவார். கெடுதல் செய்கிறவர்கள் எல்லாம் தலையில் கொம்பு வைத்துக்கொண்டா வருகிறார்கள்?

நூலகத்துக்கு ஒரு பாத்தி, அலுவலகத்துக்கு ஒன்று, சோதனைக்கூடத்துக்கு ஒன்று, ஆண்கள் மெஸ்ஸுக்கும் பெண்கள் மெஸ்ஸுக்கும் ஆளுக்கொன்று என்று பிரித்துக் கொடுத்தார்கள். ஆண்கள் மெஸ்ஸின் பாத்தி, அங்கே தலைமைச் சமையல் பார்க்கிற மெஸ்ஸம்மாவின் கைக்கு வந்தது. அன்றைக்கு அவளுக்கு வாயெல்லாம் பல்.

அவளைச் சொல்லியும் குற்றமில்லை. அவள் குடியிருந்தது மூன்றாவது மாடியில் ஒற்றை அறை. ஒருமுறை தகர டப்பாவில் ஒரு மிளகாய்ச் செடியை வைத்து மாடிப்படி ஓரத்தில் விட்டிருந்தாள். வீட்டுக்காரர், “படி என்ன உங்க பாட்டன் சொத்தா?” என்று கேட்டு டப்பாவைக் காலால் தள்ளிவிட்டார். மண் கொட்டியது, செடி போனது, கூட்டிப் பெருக்கியதும் அவள்தான். அப்படிப்பட்டவளிடம் ஒரு கட்டில் அகலத்துக்கு மண்ணைக் காட்டி, இது உங்களுடையது என்று சொன்னால் தலைகால் புரியுமா?

ஆனால் அவள் பாத்தி தோட்டத்தின் கடைசியில் இருந்தது. முட்டிவலியோடு குடம் குடமாகத் தண்ணீர் சுமக்க வேண்டும். குழாயடியில் நல்ல வெயில் விழும் பெரிய பாத்தி ஒன்றை மட்டும் யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தார்கள். அது பரிசு.

“எந்தப் பிரிவு உரக்குழிக்கு அதிகமா கழிவு தருதோ, பசுமை நாள் அன்னைக்கு அந்தப் பாத்தி அவங்களுக்கு” என்றார் பச்சை சார்.

மெஸ்ஸம்மாவுக்குப் புரியவில்லை. “அதிகமா வீணாக்கினா பரிசுன்னு சொல்றீங்களா சார்?”

“வீண்னு சொல்லாதீங்கம்மா. வளம்னு சொல்லணும்.”

அவள் தலையாட்டினாள். படித்தவர் சொன்னால் தலையாட்டிவிட்டுப் போய் அடுப்பைப் பார்ப்பது அவளுக்குப் பழகிப்போன வேலை.

மெஸ் வாசலில் பச்சை டிரம் வந்தது, பக்கத்தில் எடை மிஷின் வந்தது. பசுமை மன்றத்துப் பிள்ளைகள் முறை போட்டுக்கொண்டு வந்து மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எடை பார்த்து, பலகையில் எழுதிவிட்டுப் போனார்கள். ஆண்கள் மெஸ் எப்போதும் கடைசி. ஏனென்றால் மெஸ்ஸம்மாவுக்கு அளவு தெரியும். எத்தனை தலைக்கு எவ்வளவு அரிசி என்பது கைக்கே பழக்கம். பானை அடியில் தங்குவது கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சமும் டிரம்முக்குப் போகவில்லை, சின்னவளின் வாளிக்குப் போனது.

சின்னவள் என்பது மெஸ்ஸம்மாவின் நாத்தனார், கணவனுடைய தங்கை. கட்டட வேலைக்குப் போன அவள் புருஷன் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பொடிந்து படுத்த படுக்கையாகிவிட்டான். மூன்று பிள்ளைகள். மெஸ்ஸம்மாதான் கையைப் பிடித்துக் கூட்டிவந்து பாத்திரம் கழுவும் வேலையில் சேர்த்துவிட்டாள். எச்சில் தட்டில் மிஞ்சியதை அவள் தொடமாட்டாள். பானையில் கை படாமல் மிஞ்சிய சோறும் காயும் மட்டும் அவளுடைய மூடி போட்ட நீல வாளிக்குள் போகும். அதுதான் அந்த வீட்டின் ராச்சாப்பாடு. எல்லாருக்கும் தெரியும், யாரும் கேட்டதில்லை. கேட்டில் நிற்கும் வாட்ச்மேன் வாளியைப் பார்த்தால் மறுபக்கம் திரும்பிக் கொட்டாவி விடுவார்.

பெண்கள் மெஸ் மாஸ்டர் விவரமான ஆள். சூட்சுமம் புரிந்ததும் கூடுதலாக உலை வைத்து, ஆவி பறக்கும் சோற்றை அப்படியே டிரம்மில் கவிழ்க்க ஆரம்பித்தார். பலகையில் அவர் பிரிவு கிடுகிடுவென ஏறியது. தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றப் போகும்போதெல்லாம் மெஸ்ஸம்மா அந்தப் பலகையைப் பார்ப்பாள், பிறகு குழாயடிப் பாத்தியைப் பார்ப்பாள். வயிறு எரியும். அவளுடைய செடிகள் அப்போதுதான் பூ விட்டிருந்தன. வேலை முடிந்ததும் பாத்தி ஓரத்தில் உட்கார்ந்து அவற்றோடு பேசிக்கொண்டிருப்பாள். கணவன் கிண்டல் செய்தான்: “என்கிட்ட பேசினதைவிட மிளகாய்கிட்ட அதிகமா பேசுற போல.” “அது திருப்பி உறைப்பா பேசாது” என்றாள்.

ஒரு நாள் பச்சை சார் மெஸ்ஸுக்கே வந்துவிட்டார். “உங்க கைமணத்துக்கு வளாகமே அடிமை. ஆனா பலகையில மட்டும் கடைசியில இருக்கீங்களே. எங்கயாவது கசிவு இருக்காம்மா?”

கசிவு. குழாயில் கசியும், கூரையில் கசியும், சோறும் கசியுமா? சின்னவள் சிங்க் முன்னால் நின்று தேய்த்துக்கொண்டிருந்த பாத்திரத்தின் சத்தம் சட்டென்று நின்றது.

“பார்க்கிறேன் சார்” என்றாள் மெஸ்ஸம்மா.

அடுத்த வாரம் அவளை ஏப்ரனோடு நிற்கவைத்துப் படம் பிடித்தார்கள். கேட்டுக்குப் பக்கத்தில் ஆளுயரப் போஸ்டர் ஒட்டினார்கள். கையில் கரண்டியோடு மெஸ்ஸம்மா சிரிக்கிறாள். கீழே கொட்டை எழுத்தில், ‘ஒரு பருக்கையும் வெளியே போகாது.’ போகிறவர் வருகிறவர் எல்லாம் பேசாமல் போவார்களா? “மெஸ்ஸம்மா, சினிமாவுல எப்ப நடிக்கப் போறீங்க?” என்று பிள்ளைகள் சீண்டினார்கள். அவளுக்கு உச்சி குளிர்ந்துபோனது. வாழ்நாளில் அவள் முகத்தை யாரும் அவ்வளவு பெரிதாகப் பார்த்ததில்லை, அவளே பார்த்ததில்லை.

அன்று மாலை சின்னவளைத் தனியாகக் கூப்பிட்டாள்.

“பசுமை நாள் வரைக்கும் வாளி வேணாம்டி. அதுக்கப்புறம் பழையபடி எடுத்துக்கோ.”

சின்னவள் கையிலிருந்த நுரையைத் துடைத்தாள். “அதுவரைக்கும் பசிக்க வேணாம்னு பிள்ளைங்ககிட்ட சொல்லிடவா அண்ணி?”

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது மெஸ்ஸம்மாவுக்கு. இருந்தாலும் சொன்னதை மாற்றவில்லை. அந்த வாரத்திலிருந்து உலையில் நாலைந்து படி அரிசி கூடப் போட்டாள். பானை நிறைய மிஞ்சியது. மிஞ்சியது எல்லாம் டிரம்முக்குப் போனது. ஆண்கள் மெஸ் பலகையில் மேலே ஏறியது.

சின்னவள் அண்ணியின் பேச்சைத் தட்டவில்லை. பானையில் கை வைக்கவில்லை. பிள்ளைகள் எடை பார்த்து எழுதிவிட்டுப் போகும்வரை காத்திருந்தாள். பிறகு டிரம்மைத் திறந்து, மேலாக இருந்த சுத்தமான சோற்றை மட்டும் அள்ளி வாளியில் போட்டுக்கொண்டாள். எடை ஏறியது ஏறியதுதான், அண்ணிக்கு நஷ்டமில்லை என்பது அவளுடைய யோசனை. மெஸ்ஸம்மா அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, அடுப்பைத் துடைக்கப் போய்விட்டாள்.

கேட்டில் இப்போது வாளிகளைத் திறந்து பார்க்கச் சொல்லி உத்தரவு. வாட்ச்மேனால் இனிமேல் கொட்டாவி விட முடியவில்லை. மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, மூடியைத் திறந்துவிட்டார்.

பச்சை சாரின் அறையில் சின்னவள் வாளியோடு நின்றாள். மெஸ்ஸம்மாவையும் வரச் சொல்லியிருந்தார்கள். மேஜையில் சின்ன ஜாடியில் ஒரு செடி, சுவரில் பூமியின் படம்.

“எடை போட்டதுக்கு அப்புறம்தான் சார் எடுத்தேன். கணக்கு குறையாது” என்றாள் சின்னவள்.

“அது இல்லம்மா விஷயம். டிரம்முக்குள்ள போயிட்டா அது சாப்பாடு இல்ல, கழிவு. கழிவைச் சாப்பிட்டு பிள்ளைங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா கல்லூரிதானே பதில் சொல்லணும்? உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்.” பிறகு அவர் மெஸ்ஸம்மா பக்கம் திரும்பினார். “உங்களுக்குத் தெரிஞ்சுதான் நடந்துச்சா?”

தெரியும் என்று ஒரு வார்த்தை. கூடிப்போனால், நான்தான் எடுத்துக்கச் சொன்னேன் என்று இன்னொரு வார்த்தை. அவர் அதட்டியிருக்கவும் மாட்டார். அந்த நேரத்தில் மெஸ்ஸம்மா நினைத்தது தன் வேலையைக்கூட அல்ல. பாழாய்ப்போன குழாயடிப் பாத்தியைத்தான் நினைத்தாள்.

“எனக்குத் தெரியாது சார்.”

சின்னவள் அவளை ஏறெடுத்துப் பார்த்தாள். கத்துவாள், நடுஅறையில் வைத்து மானத்தை வாங்குவாள் என்று மெஸ்ஸம்மா பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

“ஆமா சார்” என்றாள் சின்னவள். “அண்ணிக்கு ஒண்ணும் தெரியாது.”

மறுநாளிலிருந்து அவளுக்கு வேலை இல்லை. அன்றிரவு மெஸ்ஸம்மா பரிமாறிய தட்டைக் கணவன் கையாலும் தொடவில்லை. தங்கை வீட்டுக்குப் போய் விஷயம் கேட்டுவிட்டு வந்திருந்தான். “உன் செடிக்குப் போடு” என்று தட்டை நகர்த்திவிட்டுப் படுத்துக்கொண்டான். அதற்குப் பிறகு அவன் சாப்பாடு வெளியில்தான்.

பசுமை நாள் வந்தது. ஆண்கள் மெஸ் முதலிடம். குழாயடிப் பாத்தியில் மெஸ்ஸம்மாவின் பேரை எழுதிச் சின்னப் பலகை நட்டார்கள். வெளியூர்க் கல்லூரிகளிலிருந்து ஆட்கள் வந்து உரக்குழியை எட்டிப் பார்த்து மூக்கைப் பொத்திக்கொண்டே பாராட்டினார்கள். கடைசி நிகழ்ச்சியாக, தோட்டத்தில் விளைந்த காய்கறிகளைப் பக்கத்துத் தெருக்களின் ஏழைக் குடும்பங்களுக்குக் கொடுப்பது. கொடுக்க வேண்டியது யார்? போஸ்டரில் சிரித்தவள்தான்.

துணிப்பையை எடுத்து எடுத்து நீட்டிக்கொண்டே வந்தவள், அடுத்த கைகளைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். காய்த்துப்போன, சோப்பில் ஊறி வெளுத்த விரல்கள். சின்னவள். கூட அந்த நீல வாளி.

“மெஸ்ஸம்மா, இங்க பாருங்க, கொஞ்சம் சிரிங்க” என்றான் படம் பிடிக்கிற மாணவன். படம் சரியாக விழவில்லை போலிருக்கிறது. “இன்னொரு தடவை கொடுங்க.” சின்னவள் பையைத் திருப்பிக் கொடுத்தாள், மறுபடி வாங்கிக்கொண்டாள். பசுமை மன்றத்துப் பெண் ஒருத்தி ஓடிவந்து, “பையை மட்டும் கொடுத்துட்டுப் போங்கக்கா, திரும்பப் பயன்படுத்தணும்” என்றாள். சின்னவள் தக்காளியையும் மிளகாயையும் வாளிக்குள் கொட்டிவிட்டுப் பையை உதறி மடித்துக் கொடுத்தாள்.

“சின்னவளே...” என்றாள் மெஸ்ஸம்மா.

“அடுப்பெரிக்க வீட்டுல ஒண்ணும் இல்ல அண்ணி. சோறா இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும்.” குத்திக்காட்டுவதற்குச் சொன்ன மாதிரியே இல்லை. வீட்டு நிலவரம் சொல்வது போலச் சொல்லிவிட்டு வரிசையை விட்டு நகர்ந்தாள்.

விருந்தாளிகளுக்கென்று அன்று இரண்டு உலை கூட வைத்திருந்தார்கள். பாதிப் பேர் சாப்பிடாமலே கிளம்பிவிட்டதால் ஒரு பெரிய பானை அப்படியே இருந்தது. மெஸ்ஸம்மா யாரிடமும் எதுவும் சொல்லாமல் ஒரு தூக்கை எடுத்துச் சோற்றை அமுக்கி அமுக்கி நிரப்பினாள், மேலே காயை வைத்தாள், மூடினாள். சின்னவள் வீடு இரண்டு தெரு தள்ளித்தான். காலில் விழுந்தாவது கொடுத்துவிட்டு வந்துவிடலாம் என்று முட்டிவலியையும் மறந்து நடந்தாள்.

வாட்ச்மேன் எழுந்து நின்றார். “தூக்குல என்னம்மா?”

“சோறு.”

அவர் போஸ்டரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். சங்கடத்தில் தொப்பியைக் கழற்றி மாட்டினார். “உங்க நாத்தனாரைப் பிடிச்சுக் கொடுத்தது இந்தக் கைதான். அவங்களுக்கு ஒரு நியாயம், உங்களுக்கு ஒண்ணான்னு நாளைக்கு ஊர் என்னைத்தானே கேட்கும்? கோவிச்சுக்காதீங்க. உள்ள போங்கம்மா.”

கெஞ்சலாம் என்று வாயைத் திறந்தாள். எதைச் சொல்லிக் கெஞ்சுவது? அவருக்குப் பின்னால் அவளே ஆளுயரத்துக்கு நின்று சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் திரும்பி நடந்தாள்.

மெஸ் வாசலில் எடை பார்க்கும் பிள்ளைகள் காத்திருந்தார்கள். “எங்க போயிட்டீங்க? உங்க பானை மட்டும்தான் பாக்கி.” பானையைத் தூக்கிப் பிடிக்கச் சின்னவள் இல்லை. பிள்ளைகளில் இரண்டு பேர் ஒரு பக்கம் பிடித்தார்கள், அவள் மறுபக்கம் பிடித்தாள். சோறு ஆவியோடு டிரம்மில் விழுந்தது. பிறகு தூக்கைத் திறந்து அதையும் கவிழ்த்தாள். அமுக்கி வைத்த சோறு உடனே விழவில்லை. அடியில் தட்ட வேண்டியிருந்தது.

ஒரு பையன் குனிந்து எடையைப் பார்த்தான். இதுவரை எந்த மெஸ்ஸும் இவ்வளவு கொடுத்ததில்லை என்று சொன்னான். எல்லாரும் கைதட்டினார்கள்.