உதடு மரத்த பிறகு

அன்றைய பதினெட்டாவது வாயைத் திறக்கச் சொன்னபோது பல் மருத்துவருக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது. அதிலும் அது நாத்தனாரின் வாய். எறும்பு கடித்தாலும் எட்டு வீட்டுக்குக் கேட்கிற மாதிரி அலறுகிறவள் என்று குடும்பத்தில் பேர் வாங்கியவள். அவளுக்கு 'சைரன்' என்று ரகசியப் பெயர் வைத்ததே மருத்துவர்தான். அவள் வந்துவிட்டுப் போன பிறகெல்லாம் கணவனும் அவருமாக அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறார்கள்.

கீழ்க் கடைவாய்ப் பல். மூன்று நாள் தூக்கமில்லாமல் முகம் ஒரு பக்கம் வீங்கிப் போயிருந்தது. வேர் வரைக்கும் சுத்தம் செய்ய வேண்டும். தாடையின் கோடியில், நரம்பு எலும்புக்குள் நுழைகிற இடத்தில் மருந்தை ஏற்றிவிட்டு, பத்து நிமிடம் கழித்து உதட்டைக் கிள்ளிப் பார்த்தார்.

"மரத்துடுச்சாக்கா?"

"உதடு வீங்கித் தொங்குற மாதிரி இருக்கு."

இருபது வருஷமாக அவருக்கு அது போதும். ஆனால் துளைக்கும் கருவி பல்லைத் தொட்டதுமே நாத்தனாரின் கை விருட்டென்று மேலே போனது.

"வலிக்குது!"

"அது வலி இல்லக்கா, வெறும் அதிர்வு. உதடே மரத்தாச்சு, பல்லு எப்படி வலிக்கும்?"

கை இறங்கியது. இனி அலறல்தான் என்று நர்ஸ் தோளைக் குறுக்கிக்கொண்டாள். அலறல் வரவில்லை. கருவியின் ரீங்காரம் மட்டும் அறையில் சுற்றிக்கொண்டிருந்தது. 'பரவாயில்லையே' என்று மருத்துவர் நிமிர்ந்தபோதுதான் பார்த்தார்: நாத்தனாரின் கால்விரல்கள் பத்தும் உள்ளுக்குள் மடங்கியிருந்தன. கண்ணோரத்திலிருந்து நீர் இறங்கிக் காதில் தேங்கியிருந்தது.

கருவியை நிறுத்தினார். "ஏன்க்கா மறுபடி கை தூக்கல?"

"நீதான் வலி இல்லன்னுட்டியே." நாத்தனார் விளக்கையே பார்த்துக்கொண்டு பேசினாள். "சின்னவன் பொறக்கும்போதும் இப்படித்தான். முதுகுல ஊசி போட்டாங்க. காலு மரத்துச்சு, வயிறு மரக்கல. கத்தி போறது தெரியுதுன்னு சொன்னேன். பயத்துல அப்படித்தான் தோணும், கண்ண மூடிக்கோன்னாங்க. அப்புறம் அம்மாகிட்ட சொன்னேன். உலகத்துல இல்லாத பிரசவமான்னு சிரிச்சாங்க."

நர்ஸ் தலையைக் குனிந்துகொண்டாள்.

கொதித்துக்கொண்டிருக்கிற பல்லுக்கு, உதடு மரத்த பிறகும் மருந்து எட்டாமல் போகலாம். மருத்துவர் படித்ததுதான், பரீட்சையில் எழுதியதுதான். சாயங்காலம் ஆக ஆக அது மறந்துவிடும். எத்தனை கைகளை இப்படி 'அதிர்வு' என்று சொல்லி இறக்கியிருப்போம் என்று எண்ணப் பார்த்தார். முகங்கள் வரவில்லை. கைகள்தான் வந்தன.

முடிபோல மெல்லிய ஊசியை எடுத்தார். "பல்லுக்கும் ஈறுக்கும் நடுவுல போடணும்க்கா. இது நெஜமாவே வலிக்கும். பத்து செகண்டு."

"சரி."

இடுக்கில் மருந்து சுலபமாக இறங்கவில்லை. அழுத்திய கட்டைவிரல் வெளுத்தது. பிறகு குளிர்ந்த பஞ்சைப் பல்லில் வைத்தார். "இப்ப கூசுதா?"

"இல்ல."

"எனக்காகச் சொல்லாதீங்க."

"இல்லம்மா... ஒண்ணுமே இல்ல." அந்தக் குரலில் நம்ப முடியாத ஒரு வியப்பு இருந்தது.

வேலை முடிந்ததும் கொப்பளிக்கத் தண்ணீர் கொடுத்தார். மரத்த பக்கம் உதடு மூடாமல், தண்ணீர் அவளுக்குத் தெரியாமலேயே வழிந்தது. நர்ஸ் துண்டை எடுக்கத் திரும்பினாள். அதற்குள் மருத்துவர் கையுறையைக் கழற்றி, வெறும் உள்ளங்கையை அவள் முகவாய்க்கட்டைக்குக் கீழே குவித்துப் பிடித்தார்.

"என்ன, ஒழுகுதா?" என்று கேட்டாள் நாத்தனார், கோணிய வாயோடு.

உள்ளங்கை நிறைந்து, வெதுவெதுப்பாக, விரலிடுக்கில் சொட்டியது.