காஜா எடுத்த கிச்சிலி

“உங்க மரத்து முள்ளு என் வண்டி டயரைக் குத்தறது இதோட நாலாவது தடவை. ஞாயித்துக்கிழமை ஆள் வரான். என் பக்கம் வந்த பாதியை வெட்டறான்” என்று, வீடு வீடாகத் தண்ணீர் மீட்டர் பார்க்கும் மீட்டர்காரர் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கத்தினார்.

“பாதியை வெட்டினா முழுசும் பட்டுப் போகும் சார். ஊர்த் தண்ணியெல்லாம் அளந்து என்ன, ஒரு செடிக்காவது ஊத்தியிருக்கீங்களா?” என்று தையல்காரர் இந்தப் பக்கமிருந்து கத்தினார். நடுவில் கிச்சிலி மரம், பொத்தான் வைத்த பழங்களோடு, தனக்கு இதில் சம்பந்தமில்லை என்பது போல நின்றது.

பொத்தான் வந்த கதை இது. இடிக்கப்போகிற வீடு ஒன்றின் கொல்லையில் நின்ற நாட்டுக் கிச்சிலியிலிருந்து தையல்காரர் ஒரு குச்சி ஒடித்து வந்தார். மறுநாள் அந்த மரம் போய்விட்டது. பிறகு அந்த ஜாதி வேறெங்கும் இல்லை. காட்டு எலுமிச்சைக் கன்றில் ஒட்டுப் போடுங்கள் என்றார் நாற்றுக்காரர். மற்றவர்கள் என்றால் சீவிச் சேர்த்து நாடாவால் கட்டியிருப்பார்கள். இவருக்கு ஒட்டு என்றால் கிழிசலில் போடுவது. ஊசி நூலோடு உட்கார்ந்து, குச்சியையும் கன்றையும் சேர்த்துத் துணி வைத்துத் தைத்தார். கைப்பழக்கம் விடவில்லை, கடைசியில் ஒரு சட்டைப் பொத்தானையும் வைத்து நூலை அறுத்தார். இருபதாம் நாள் துளிர் வந்தது. மூன்றாம் வருடம் பழம் வந்தது, ஒவ்வொன்றிலும் நாலு கண் வெள்ளைப் பொத்தானோடு. எங்கள் தெரு ஒரு வாரம் வேடிக்கை பார்த்தது. அடுத்த வாரம், கறுப்பில் கிடைக்குமா என்று கேட்டது.

ஆனால் ஒரு பழத்தையும் தின்ன முடியவில்லை. தோலில் கத்தி இறங்கவில்லை, சுத்தியலும் தோற்றது. பொத்தான் இருந்ததே தவிர, அது நுழையக் காஜா இல்லை. தையல்காரரின் தங்கை ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். நாற்பத்தொரு வயது. இனி அவளுக்கு எங்கே கல்யாணம் என்று தெரு முடிவு கட்டி வெகு நாளாயிற்று. அவள் ஒரு பழத்தைக் கொண்டுபோய்ப் படம் எடுத்தாள். உள்ளே பதினோரு சுளை, நிறையச் சாறு, வழி மட்டும் இல்லை.

சனிக்கிழமை சாயங்காலம், மரத்துக்காகக் கெஞ்சிப் பார்க்கலாம் என்று அதே பழத்தோடு அவள் மீட்டர்காரர் வீட்டுக்குப் போனாள். அவர் மனைவியை இழந்து ஆறு வருடமாகத் தனியாக இருப்பவர். மேஜையில் ஒரு கிச்சிலியும் ஸ்க்ரூ டிரைவரும் கிடந்தன. அவர் பக்கத்துக் கிளையில் எல்லாப் பழத்துக்கும் காஜா இருந்தது, பொத்தான் இல்லை. மனிதர் இதை ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. தையல்காரர் வீட்டுப் பெண்ணுக்குக் கை சும்மா இருக்குமா? தன் பழத்துப் பொத்தானை அந்தக் காஜாவில் மாட்டினாள். இரண்டு தோலும் சட்டை கழன்ற மாதிரி விரிந்தன.

“புளிக்குதே” என்றார் அவர்.

“ஒரு சுளையிலேயே முகத்தைச் சுளிச்சா எப்படி? இன்னொண்ணு சாப்பிடுங்க.”

பதினோராவது சுளை இனித்தது. ஞாயிற்றுக்கிழமை அரிவாளோடு வந்த ஆளுக்கு இரண்டு பழம் பிரித்துக் கொடுத்துத் திருப்பி அனுப்பினார்கள்.

அதன் பிறகு தினமும் இவள் ஒரு கூடை, அவர் ஒரு கூடை என்று பழம் பிரிக்க உட்கார்ந்தார்கள். பத்துப் பழம் பிரிக்க இரண்டு மணி நேரம் ஆகாது என்பது தெருவில் எல்லோருக்கும் தெரியும், சொல்லத்தான் இல்லை. அடுத்த காய்ப்பில் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளைச் சட்டைக்குப் பொத்தான் கடையில் வாங்கவில்லை. பெண் சுவருக்கு அந்தப் பக்கம் குடிபோனாள், மொத்தம் பதினாறு எட்டு நடைதான். தையல்காரர் கப்பலேற்றி அனுப்புகிறவர் போல அழுதார். சுவரில் இப்போது ஒரு வழி இருக்கிறது. “மச்சான், ரெண்டு பொத்தான் பழம் குடுங்க” என்று அந்தப் பக்கமிருந்து குரல் வரும், இவர் பறித்துக் கொண்டு போவார். டயர் இன்னும் பஞ்சராகிறது. மீட்டர்காரர் வேலைக்கு நடந்தே போகிறார்.