கூடுதலாக ஒரு வாஷர்

அந்த போன் வந்த அன்றைக்கு மழை பெய்ததா, இல்லை மழை விட்டு ரோடு மட்டும் ஈரமாக இருந்ததா என்று என்னால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. பலர் பலவிதமாகச் சொல்லிக் கேட்டதில், எது நான் பார்த்தது, எது காதில் விழுந்தது என்பதே குழம்பிவிட்டது. அந்த வாஷர் விஷயத்தில் மட்டும் குழப்பம் இல்லை.

எங்கள் ஊர் மெக்கானிக்கின் பட்டப்பெயரே வாஷர்தான். கழற்றிய வாஷரைத் தூக்கிப்போட அவருக்கு மனசு வராது. பட்டறையில் டப்பா டப்பாவாகச் சேர்த்து வைத்திருந்தார். பேச்சும் குறைவு. ஏதாவது கேட்டால் கையைத் துடைத்து முடிக்கும்வரை பதில் வராது; சில சமயம் துடைத்து முடித்த பிறகும் வராது.

மனைவி மலைமேல் இருந்த ஆஸ்பத்திரியில் நர்ஸ். நாலு சக்கரமும் இழுக்கும் பழைய கார் ஒன்றில் போய்வந்தாள். அதில் நடு டிஃபரன்ஷியல் என்று ஒரு சமாச்சாரம் உண்டு. வளைவில் முன்சக்கரம் ஒரு வேகத்திலும் பின்சக்கரம் ஒரு வேகத்திலும் சுற்ற வேண்டும். நடுவில் இருந்துகொண்டு இரண்டுக்கும் விட்டுக்கொடுப்பது அது. அந்த மாடலில் உள்ளே இருக்கும் வாஷர் சீக்கிரம் தேய்ந்து, கியர்கள் ஆட்டம் கண்டுவிடும். இரண்டு தடவை பாதி மலையில் நின்றுவிட்டாள்.

"போன தடவை நான் போய்ச் சேர்றதுக்குள்ள ஒரு பாட்டிய ஆபரேஷனுக்குக் கொண்டுபோயிட்டாங்க" என்றாள், பாத்திரம் கழுவிக்கொண்டே. "கூட இருப்பேன்னு கையப் பிடிச்சுச் சொல்லியிருந்தேன். அவங்க கண்ணு முழிக்கவே இல்ல. இன்னொரு தடவ வண்டி நின்னா நான் வீட்டுக்குத் திரும்ப மாட்டேன்."

"எங்க போவ?"

"நர்ஸுங்க விடுதியில கட்டில் காலியா இருக்கு. அது வளைவுல நிக்காது."

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை என்பதைத் தட்டைத் துடைத்து அடுக்கும்போதுதான் கவனித்தார்.

கார் கம்பெனி அந்தக் கோளாறைத் திருத்திப் புது செட் விட்டிருந்தது. கியர், உறை, வாஷர் எல்லாமே மாறியிருந்தன. அதை வரவழைத்தார். கூட உட்கார்ந்து பிரித்தவன் மனைவியின் தம்பி. அதே பட்டறையில் ஒயரிங் பார்க்கிறவன்.

பழைய பார்ட்டுகளுக்கு அவரிடம் ஒரு கைவைத்தியம் இருந்தது. ஆட்டம் குறைய உள்ளே ஒரு வாஷரைக் கூடுதலாகச் சொருகுவார். அதற்காகவே வெளியூர் வண்டிகள்கூட அவரைத் தேடி வரும். மனைவியின் வண்டியில் கியர்களே தேய்ந்துபோயிருந்ததால் அது பலிக்கவில்லை. இப்போது புது செட்டைப் பூட்டிக் கையால் சுற்றிப் பார்த்தார். மயிரிழை ஆட்டம் இருந்தது. டப்பாவைத் திறந்தார்.

"மாமா, புதுசுல வாஷரே தடிமனாத்தானே வந்திருக்கு? மேல ஒண்ணு எதுக்கு?"

"இருக்கட்டும் மாப்ள. உங்க அக்கா போற வண்டி."

"கொஞ்சம் ஆட்டம் வேணும்னுதான் கம்பெனிக்காரனே விட்டிருக்கான்."

"அவன் நம்ம மலையில ஓட்டிப் பார்த்தானா?"

"உங்களுக்கு டப்பா காலியாகணும், வேறென்ன" என்று சொல்லிவிட்டுத் தம்பி ஒயர் வேலைக்குப் போய்விட்டான்.

உறை இறுகிப் பூட்டிக்கொண்டது. அந்த இறுக்கம் அவருக்கு நிம்மதியாக இருந்தது.

சில நாள் நன்றாகத்தான் ஓடியது. பிறகு ஒரு காலை, "வளைவுல ஸ்டியரிங் கனமா இருக்குங்க" என்றாள்.

"புது பார்ட்டு. பழகணும்."

அவள் சாவியை எடுத்துக்கொண்டு போனாள்.

அன்றைக்குத்தான் அந்த போன் வந்தது. "நின்னுடுச்சு" என்றாள். திட்டவில்லை. காரின் சிக்னல் விளக்கு டிக், டிக் என்று அடித்துக்கொள்வது அவருக்குக் கேட்டது. பிறகு கார்க் கதவு சாத்தும் சத்தம்.

அவரும் தம்பியும் போனபோது சாவி சீட்டின்மேல் கிடந்தது. அவள் மேலே நடந்தே போயிருந்தாள். வண்டியைக் கட்டி இழுத்துவந்து பிரித்தார்கள். எண்ணெய் தீய்ந்து நாறியது. உள்ளே இரண்டு வாஷர்களும் நீலம் பாரித்து ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தன. எது பழசு, எது புதுசு என்று பிரிக்க முடியவில்லை.

"பார்ட்டே மட்டம்னு அக்காகிட்ட சொல்லிடலாமா மாமா?"

அவர் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

மறுநாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் அவள்முன் போய் நின்றார். "நான்தான். ஒரு வாஷர் கூடப் போட்டுட்டேன்."

"தெரியும்."

"தம்பி சொன்னானா?"

"அவன் எதுக்குச் சொல்லணும்? இத்தன வருஷம் உங்களோட குடித்தனம் பண்ணியிருக்கேன்." "கொஞ்சம் இடம் விட்டா எல்லாம் கழண்டு போயிடும்னு உங்களுக்குப் பயம். பயந்து பயந்தே இறுக்கிடுவீங்க."

இனிமேல் அப்படிச் செய்யமாட்டேன் என்று சொல்லத்தான் வந்திருந்தார். கையைத் துடைத்துக்கொண்டு நின்றார். வார்டிலிருந்து யாரோ கூப்பிட, அவள் உள்ளே போனாள்.

அவள் அந்த விடுதியிலேயே தங்கிவிட்டாள். தம்பி வேறிடத்தில் சொந்தமாக ஒயரிங் கடை போட்டான். அக்காவைப் பார்க்கப் போவான், மாமாவைப் பற்றிப் பேசமாட்டான். கார் பட்டறையின் பின்சுவரோரம் துருப்பிடித்துக் கிடந்து, கடைசியில் எடைக்குப் போனது. வாஷர் ஒரு மழைக்காலத்தில், கட்டிலில் தனியாகப் படுத்திருந்தபடியே செத்துப்போனார். டப்பாக்களை எடுத்துக்கொள்ள யாரும் வரவில்லை.