தூங்காத புரதம்

1987 ஐப்பசி மழையில் பழவேற்காடு ஏரி கொந்தளித்துக்கொண்டிருந்தது. லைட்ஹவுஸ் குப்பத்திலிருந்து அக்கரைக்கு ஒரு படகும் கிளம்பவில்லை. தேவகிக்கு இருப்புக்கொள்ளவில்லை. அம்மாவுக்குக் காய்ச்சல் என்று பார்க்க வந்தாள். காய்ச்சல் இறங்கிவிட்டது; இனி மாலைக்குள் சென்னை ஆய்வுக்கூடத்துக்குத் திரும்பியாக வேண்டும். போகாவிட்டால், அங்கே வளர்த்து வைத்திருக்கும் செல்கள் வீணாகிவிடும்.

“அப்பிடி இன்னா அவசரம்?” என்றார் அப்பா தேசப்பன்.

“சூடு பட்டா, செல்லுக்குள்ள ஒரு புரதம் முழிச்சிக்கும் நைனா. மரபணு மேல போய் உக்காந்து, செல்லைக் காப்பாத்த ஆள் கூப்புடும். ஆபத்து போனதும் தூங்கிடும். புத்துநோய் செல்லுல மட்டும் அது தூங்கறதேயில்ல. அதனாலதான் அந்தச் செல்லு லேசுல சாவமாட்டேங்குதுன்னு நெனைக்கிறேன். புரொபசர் நம்பல. செல்லு வளக்குற பெட்டி சூடேறியிருக்கும்னு சிரிச்சிட்டாரு.”

“அதுக்கு நீ சும்மாவா வுட்டே?”

“நல்ல செல்லையும் புத்துநோய் செல்லையும் ஒரே பெட்டியில வச்சிட்டு வந்திருக்கேன். தப்பு பெட்டி மேலன்னா, ரெண்டுலயும் முழிச்சிருக்கணும். புத்துநோய் செல்லுல மட்டும் முழிச்சிருந்தா, நான் சொன்னதுதான் சரி.”

தேசப்பன் வானத்தைப் பார்த்தார். பிறகு படகுக் கழியை எடுத்தார். “ஏறு.”

நடு ஏரியில் காற்று படகைப் பக்கவாட்டில் தள்ளியது. தேவகி டப்பாவால் தண்ணீரை மொண்டு மொண்டு கொட்டினாள். தேசப்பன் கழியைச் சேற்றில் ஊன்றி, பல்லைக் கடித்துக்கொண்டு தள்ளினார். கரையேறியதும், “தனியா வுடமாட்டேன்” என்று அவரும் ஈரவேட்டியோடு பொன்னேரி பஸ்ஸில் ஏறி, ரயிலிலும் கூடவே வந்தார்.

செல்கள் உயிரோடிருந்தன. புரதம் விழித்திருந்தால் பிலிமில் கறுப்புக் கோடு விழும்; அந்தச் சோதனை இரண்டு நாள் பிடித்தது. மூன்றாம் நாள் காலை, இருட்டறையிலிருந்து ஈரம் சொட்டும் பிலிமோடு தேவகி வெளியே வந்தாள். நல்ல செல்லின் வரிசை வெறுமையாக இருந்தது. பக்கத்திலேயே, புற்றுநோய் செல்லின் வரிசையில் மை போட்டதுபோல் ஒரு கறுப்புக் கோடு.

பேராசிரியர் பூபதி பிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். இரண்டு வரிசைகளையும் மாறிமாறிப் பார்த்தார்.

“பெட்டி மேல பழி போட்டுட்டேன்மா,” என்றார். “நீ சொன்னதுதான் சரி. இனிமே அதைத் தூங்க வைக்க வழி தேடு.”

“ஆரம்பிச்சிட்டேன் சார்!”

வராந்தாவில் காத்திருந்த அப்பாவிடம் அவள் ஓடினாள். “இந்தக் கோடுதான் நைனா!”

தேசப்பன் பிலிமை வாங்கித் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து, வராந்தாவே அதிரும்படி கத்தினார்: “எம் பொண்ணு கண்டுபுடிச்சிட்டாய்யா!”