அண்டுக்குப் பின்னால் ஒரு தட்

மேனேஜர் இராமதாஸ் திருப்பி அனுப்பிய கடிதம் முழுக்கச் சிவப்பு வட்டங்கள். ஒவ்வொரு வட்டத்துக்குள்ளும் ஒரே இங்கிலீஷ் சொல்தான்: அண்டுக்கு (and) அடுத்து வந்த தட் (that).

"அண்டுக்குப் பின்னால இத மறுபடி போடாதீங்கன்னு எத்தன வாட்டி சொல்றது? இன்னொரு கடிதம் இப்படி வந்தா, திரும்ப ரெக்கார்டு ரூமுக்குத்தான் போவீங்க."

தெய்வசிகாமணி கடிதத்தை எடுத்துக்கொண்டு தன் மேசைக்கு வந்தார். பிரெஞ்சுக்காரன் காலத்தில் பிரெஞ்சிலேயே எழுதிப் பழகியவர் அவர். ஆட்சி மாறியதும் இங்கிலீஷ் கற்றுக்கொண்டு, ரெக்கார்டு ரூமிலிருந்து கடிதம் எழுதும் இந்த நாற்காலிக்குத் தற்காலிகமாக வந்திருந்தார்.

குழாய் உடைந்தது என்றும் தெரு நனைந்தது என்றும் ஒருவர் சொன்னார் என்று வைத்துக்கொள்ளுங்கள். தமிழில் "என்றும்" இரண்டு தடவை வருகிறதல்லவா? பிரெஞ்சில் அதற்கான சின்னச் சொல்லை அப்படித் திருப்பிப் போட்டே ஆக வேண்டும். இங்கிலீஷில் போட்டாலும் சரி, விட்டாலும் சரி. இராமதாஸ் விடச் சொல்லும் கட்சி. அதனால்தான் தெய்வசிகாமணி தன் கையால் எழுதிய நகலில் ஒன்றுவிடாமல் நீக்கியிருந்தார். எடுத்துப் பார்த்தார். நகலில் அந்தச் சொல் இல்லை. டைப் அடித்த தாளில் இருந்தது.

டைப்பிஸ்ட் சந்திரகலாவின் தம்பி இதே வேலைக்கு மனுப் போட்டிருந்தான். அது நினைவுக்கு வந்ததும் அவருக்கு எல்லாம் பளிச்சென்று விளங்கிவிட்டது.

அவருடைய பிரெஞ்சுப் பாணிக் கையெழுத்து அவளுக்குப் புரியாது. அவர் படிக்க, அவள் அடிப்பாள். சோதித்துப் பார்க்க, ஒரு கடிதத்தைத் தனித்தனி எழுத்தாக எழுதி அவளிடம் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போனார். திரும்பி வந்து பார்த்தால் ஒரு சொல்கூட மிகையில்லை. கையில் சாட்சி இருக்கும்போது ஒழுங்காக அடிக்கிறாள், படித்துச் சொன்னால் சேர்க்கிறாள். கெட்டிக்காரிதான்.

மறுநாள் அவளையும் கூட்டிக்கொண்டு மேனேஜர் அறைக்குப் போனார். "சார், நான் எழுதாதத இவங்க சேக்கறாங்க."

"முசே வாயில வந்ததத்தான் அடிக்கறேன்," என்றாள் சந்திரகலா; பிரெஞ்சுக்காரன் காலத்து வழக்கப்படி அவரை 'முசே', அதாவது ஐயா, என்றுதான் அழைப்பாள். "எனக்கு இன்னா வேண்டுதலா?"

இராமதாஸ் நகலை வாங்கிப் படித்துப் பார்த்துவிட்டு, கூடவே இருந்த அதன் கார்பன் பிரதியைத் தெய்வசிகாமணியிடம் கொடுத்தார். "படிங்க. அவங்களுக்குப் படிக்கிற மாதிரியே."

அவர் கணீரென்று படித்தார். மூன்றாவது வரியில் இராமதாஸ் கையை உயர்த்தினார். "அது இங்க இல்லியே."

"எது சார்?"

"அண்டுக்கு அப்புறம் இப்பச் சொன்னீங்களே, அது."

தாளைப் பார்த்தார். இல்லை. கை நீக்கிய சொல்லை, பழைய பிரெஞ்சுப் பழக்கத்தில் நாக்கு தானாகவே எடுத்து வைத்துக்கொண்டிருந்தது. காது அதைக் கண்டுகொள்ளவே இல்லை.

"நாற்காலி உங்களுக்குத்தான். ஆனா இனிமே படிச்சுச் சொல்ற வேல வேணாம்," என்றார் இராமதாஸ். "தனித்தனி எழுத்துல எழுதிக் குடுங்க."

அன்று மதியம் அவளிடம் கொடுத்த நகலில், ஓர் அண்டுக்குப் பின்னால் வேண்டுமென்றே அந்தச் சொல்லை எழுதியிருந்தார். சந்திரகலா மெஷினிலிருந்து கையை எடுத்தாள்.

"இது முசே எழுதுனதா, முசே நாக்கு எழுதுனதா?"

"நாந்தான். நெல்லித்தோப்புக் குழாய் ஒடஞ்சிதுன்னு இஞ்சினியர் சொல்றாரு, நம்ம ஆபீஸ் கவனிக்கலன்னும் அவருதான் சொல்றாரு. ரெண்டாவது தட் இல்லன்னா, கவனிக்கலன்னு நாமளே ஒத்துக்கற மாதிரி படிக்கலாம். இங்க மட்டும் இருக்கணும்."

அவள் அவர் முகத்தையும் தாளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நாளைக்கி நான் சேத்தன்னு சொல்லமாட்டீங்கன்னு இன்னா நிச்சயம்? ஓரத்துல கையெழுத்துப் போடுங்க."

பேனாவை நீட்டினாள். அவர் போட்டார். மை காயும்வரை காத்திருந்து, அந்தத் தாளை மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்ட பிறகுதான் அந்தச் சொல்லை அடித்தாள்.