இரண்டாவது லாட் அரக்கு

சிவகாசியில் ஜவுளி வாங்க வருகிறவர்கள் இரண்டு வகை. துணியைக் கையில் வாங்கியதும் கடை வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் பிடித்துப் பார்ப்பவர்கள் ஒரு வகை. வெயில் போன பிறகு வருகிறவர்கள் இன்னொரு வகை. பட்டாசுக் கம்பெனி வேனிலிருந்து இறங்கி, எத்தனை தடவை கழுவினாலும் போகாத வெள்ளி மருந்தை விரலிடுக்கில் வைத்துக்கொண்டு, ஏழு மணிக்கு மேல் வரும் பெண்கள். இந்த இரண்டாவது வகையை நம்பித்தான் பஜாரில் பாதித் துணி விலைபோகிறது. மூன்று தலைமுறையாக இந்தப் பஜாரில் உட்கார்ந்திருக்கும் குடும்பத்தில் பிறந்தவன் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

2006-ஆம் வருடம் ஜூனில் பெண்கள் பள்ளிக்கூடத்து யூனிபார்ம் துணி வந்தது. அரக்குப் பாவாடை, அரக்குத் தாவணி, வெள்ளைச் சட்டை. ஜூலையில் இரண்டாவது லாட் வந்தது. கலர் நம்பர் அதே நம்பர்தான், சாயம் போட்ட தொட்டி வேறு. டியூப்லைட்டுக்குக் கீழே இரண்டும் கூடப்பிறந்தவை மாதிரி இருக்கும். வெயிலில் பிடித்தால் இரண்டாவது லாட் செங்கல் பக்கம் சாய்ந்துவிடும். மில்லுக்குத் திருப்பி அனுப்பியிருக்க வேண்டும். நான் அனுப்பவில்லை. பகலில் வந்தவர்களுக்கு முதல் லாட்டின் மிச்சத்தையும், விளக்கு வைத்த பிறகு வந்தவர்களுக்கு இரண்டாவது லாட்டையும் வெட்டினேன். இதற்குப் பெயர் ஏமாற்று என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. கடையில் இதற்குப் பெயர் சாமர்த்தியம்.

செப்டம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து கடைக்குத் திரும்பி உட்கார்ந்தேன். கல்யாண ஜவுளிக்குக் காரியாபட்டியிலிருந்து ஒரு கூட்டம் வந்து பட்டுச் சேலையை விரித்துப் போட்டிருந்தது. அந்தப் பட்டின்மேல் ஓர் அரக்குப் பாவாடை வந்து விழுந்தது.

"பாய், வெளிய வாங்க. வெயிலுக்கு வாங்க."

மாரித்தாய். பட்டாசுக் கம்பெனியில் குழாய்க்கு மருந்து அடைப்பவள். ஜூலையில் மகள் முத்துப்பேச்சிக்குப் பாவாடை தாவணி எடுத்துப் போனவள். பத்தாம் வகுப்பு படிக்கும் பிள்ளை. என் மகள் சுமைராவும் அவளும் ஒரே வகுப்பு.

"என்ன மாரித்தாய், வேலைக்குப் போகலியா?"

"போகல. எம்மகளும் பள்ளிக்கூடம் போகல. ரெண்டு பேரும் ஒங்க துணியப் பாத்துக்கிட்டு வீட்ல ஒக்காந்திருக்கோம். இந்தாங்க, இது என்ன?"

பாவாடையை உதறிப் பிடித்தாள். முட்டிக்குக் கொஞ்சம் மேலே, தட்டு அளவுக்கு ஒரு வட்டம். சாக்பீஸில் போட்டது.

"வள்ளித்தாய் டீச்சர் போட்டது. பிரேயர்ல நானூறு பிள்ளைக முன்னால பேரச் சொல்லிக் கூப்பிட்டு, கலர் வேறன்னு கொடிக் கம்பத்துக்கிட்ட நிக்க வச்சு, இந்த வட்டத்தப் போட்டிருக்காக. வட்டம் இருந்தா எந்த வாத்தியாரும் உள்ள விடக் கூடாதாம். அழிச்சிட்டுப் போனா மறுபடியும் போடுறாக. மூணு நாளா செருப்பில்லாத காலோட வராந்தாவுல நின்னுருக்கா பாய். நேத்து காலாண்டுப் பரிச்ச, கணக்கு. அதுக்கும் வராந்தாதான்."

எங்கள் கடையிலும் சாக்பீஸ் உண்டு. வெட்ட வேண்டிய துணியில் அடையாளம் போடுவோம். அங்கே துணிக்குள் ஒரு பிள்ளை இருக்கும்போதே போட்டிருக்கிறார்கள்.

ரத்தம் கொதித்தது. ஆனால் வாய் இருக்கிறதே, அது வியாபாரியின் வாய். கல்யாணக் கூட்டம் கையில் பட்டோடு பார்த்துக்கொண்டிருந்தது. என் வாய் தன்பாட்டுக்குச் சொன்னது: "உப்புத் தண்ணில அலசிருப்ப. சாயம் கொஞ்சம் மங்கிருக்கும்."

மாரித்தாய் என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். பாவாடையின் உள் மடிப்பைப் பிரித்து நீட்டினாள். தண்ணீர் அவ்வளவாகப் படாத இடம். அங்கேயும் செங்கல்.

"இருட்டுல வந்தா என்னத்தையும் குடுக்கலாம்னு குடுத்துட்டீக. அது போகட்டும். திங்கக்கெழம காலைல வேன் வரும். பிள்ளைக்குப் பதினஞ்சு ஆச்சு, கூட்டிட்டு வான்னு போர்மேன் நாலு மாசமா கேக்கான். வேண்டாம், படிக்கட்டும்னு சொல்லிட்டு இருந்தேன். இனிமே என்ன சொல்ல? ஏத்தி விட்டுருவேன்."

பாவாடையை அங்கேயே போட்டுவிட்டுப் போனாள். கல்யாணக் கூட்டம் பட்டை எடுத்துக்கொண்டு வாசலுக்கு, வெயிலுக்குப் போனது.

மாரித்தாய் போட்டுவிட்டுப் போன பாவாடையை எடுத்துக்கொண்டு, மத்தியானம் சாப்பிட வீட்டுக்குப் போனேன். கொல்லைக் கொடியில் சுமைராவின் பாவாடை காய்ந்துகொண்டிருந்தது. கடைக்காரன் வீட்டுக்கு எப்போதும் விற்காமல் தள்ளி வைத்த துணிதான் வரும். அரக்கு. செங்கல் அரக்கு. இரண்டாவது லாட்.

பரீட்சை முடிந்து வந்திருந்த சுமைராவைக் கூப்பிட்டேன். "ஒன்ன யாரும் ஒண்ணும் சொல்லலியாம்மா?"

"என்ன எதுக்கு அத்தா சொல்லப் போறாங்க? நீங்கதான ஆண்டு விழா மேடைக்குத் துணி குடுக்குறீங்க."

"முத்துப்பேச்சிய நிப்பாட்டுன அன்னைக்கி நீ எங்க இருந்த?"

"அவளுக்குப் பக்கத்துல. இதே பாவாடையோட."

"டீச்சர்கிட்ட சொல்ல வேண்டியதுதான?"

"நீங்க ஏன் அத்தா அவ அம்மாகிட்ட சொல்லல?"

சாப்பாட்டை விட்டு எழுந்து, இரண்டு பாவாடைகளையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன். வட்டத்தை வழியிலேயே தட்டித் துடைத்துவிட்டேன்.

தலைமையாசிரியர் செல்வநாயகம் எழுந்து நாற்காலி போட்டார். "வாங்க ஹக்கீம் பாய், டீ சொல்லட்டுமா?" வள்ளித்தாய் டீச்சரும் வந்தார். இரண்டு பாவாடைகளையும் மேசையில் விரித்தேன்.

"டீச்சர், ஒங்க கண்ணு எங்களை மாதிரி ஜவுளிக்காரக் கண்ணுன்னு கேள்விப்பட்டேன். இதுல யூனிபார்ம் எது, கலர் தப்புனது எது?"

டீச்சர் யோசிக்கவே இல்லை. "இதுதான் முத்துப்பேச்சியோடது. பாத்தாலே தெரியுதே!"

அவர் தொட்ட பாவாடையின் இடுப்புப் பட்டியைத் திருப்பினேன். உள்ளே சிவப்பு நூலில் 'சு' என்று என் வீட்டுக்காரி தைத்தது இருந்தது.

"இது எம்மகளோடது டீச்சர். ரெண்டும் ஒரே பீஸ்ல வெட்டுனது. மூணு நாளா ஒண்ணு உள்ள ஒக்காந்து படிக்கிது, பரிச்ச எழுதுது. ஒண்ணு வராந்தாவுல நிக்கிது. நீங்க கலரப் பாக்கல. செருப்பில்லாத காலப் பாத்தீங்க, அப்புறம்தான் மேல பாவாடையப் பாத்தீங்க."

டீச்சர் முகம் சிவந்தது. ஆனால் அவர் லேசுப்பட்டவர் இல்லை. "யூனிபார்ம் பாக்கச் சொன்னாங்க, பாத்தேன். ஒரே யூனிபார்முக்கு ரெண்டு கலர் வித்தது யாரு? நானா?"

அடி சரியான இடத்தில் விழுந்தது. செல்வநாயகம் சார் நடுவில் புகுந்தார். "சரி சரி. பிள்ளைய வரச் சொல்லுங்க பாய். பாத்துக்கலாம்."

முதல் விலை. முதல் விலைக்கு எங்கள் வீட்டில் கத்திரிக்காய்கூட வாங்கியதில்லை.

"பாத்துக்கலாம்னா? நேத்துக் கணக்குப் பரிச்ச, இன்னைக்குப் பரிச்ச?"

"அது... தனியா எழுத வச்சிரலாம்."

"வட்டம்?"

"இனிமே போட மாட்டாங்க."

"போட்டதுக்கு?"

"டீச்சர் அந்தப் பிள்ளையத் தனியாக் கூப்பிட்டு ஆறுதலாச் சொல்லிருவாங்க."

"இது நியாயமா இருக்கே சார். அவமானம் மொத்தமா பிரேயர்ல, ஆறுதல் மட்டும் சில்லறையா ஸ்டாப் ரூம்லயா? கலர் மாறியிருந்தா அன்னைக்கே தனியாக் கூப்பிட்டு, துணி எங்க எடுத்தேன்னு ஒரு வார்த்த கேட்டுருக்கணும். என் கடைப் பேரு வந்திருக்கும். என்னைய இங்க இழுத்து வச்சுக் கேட்டுருக்கலாம். பதினஞ்சு வயசுப் பிள்ளையா மில்லுல சாயம் போட்டுச்சு? கொடிக் கம்பத்துக்கிட்ட நிக்க வச்சீங்கள்ல, அதே எடத்துல சொல்லணும்."

"டீச்சர் பிரேயர்ல மன்னிப்புக் கேட்டா நாளைக்கு எந்தப் பிள்ள பாய் சொல்பேச்சு கேக்கும்?"

"கேக்கலேன்னா இன்னொரு வட்டம் போடுங்க."

வள்ளித்தாய் டீச்சர் என்னை நேராகப் பார்த்தார். "நான் சொல்றேன். நீங்களும் சொல்லணும். அதே மைக்ல."

எனக்குப் பேரத்தில் தோற்றுப் பழக்கமில்லை. ஆனாலும், பஜாரில் பாதி வீட்டுப் பிள்ளைகள் அந்தப் பள்ளிக்கூடத்தில்தான் படிக்கின்றன என்று கணக்குப் போடுவதற்குள் தலை ஆடிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை மாரித்தாய் வீட்டுக்குப் போனேன். முதல் லாட்டில் வேறொருவருக்காக எடுத்து வைத்திருந்த துணியைத் தைக்கக் கொடுத்து, புதுப் பாவாடை, தாவணியாக, பழைய பாவாடையோடு சேர்த்துக் கொண்டுபோனேன். பள்ளிக்கூடத்தில் ஒப்புக்கொண்டதைச் சொன்னேன். மாரித்தாய் துணியைத் தொடவில்லை. உள்ளே பார்த்து, "ஏட்டி, கேட்டியா?" என்றாள்.

முத்துப்பேச்சி வாசலுக்கு வந்தாள். அதுவரை அந்தப் பிள்ளையை நான் சரியாகப் பார்த்ததுகூட இல்லை.

"இது வேண்டாம். பழசக் குடுங்க."

"இது சரியான கலரும்மா. யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது."

"இதப் போட்டுட்டுப் போனா, கலர் சரியாயிருச்சுன்னு உள்ள விடுவாக. அப்ப அவுக நிக்க வச்சது சரின்னு ஆயிரும்ல?"

கையை நீட்டிக்கொண்டே நின்றாள். பழைய பாவாடையைக் கொடுத்தேன்.

"வருவியாம்மா?"

பாவாடையோடு உள்ளே போய்விட்டாள். மாரித்தாய்தான் சொன்னாள்: "பள்ளிக்கூடம் இல்லேன்னா வேன். ரெண்டும் இல்லாம வீட்ல வச்சிருக்க முடியாது பாய். தீவாளி சீசன்."

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு முன்னாலேயே கடை வாசலில் நின்றேன். வேன்கள் வரிசையாகப் போயின. ஒவ்வொரு ஜன்னலிலும் நான்கைந்து முகம், மடியில் தூக்குவாளி. எந்த முகம் எது என்று தெரியவில்லை. வேகமாகத்தான் போகிறார்கள், லோடு ஏற்றிய மாதிரி.

பிரேயர் ஒன்பதேகாலுக்கு. வரிசையில் முத்துப்பேச்சி இல்லை. வெயில் நேராக அடித்தது. மேடையிலிருந்து பார்த்தால் எனக்கு எல்லாம் தெரிந்தது. அரக்குக்கு நடுவே அங்கங்கே செங்கல். இருட்டில் நான் விற்றது அத்தனையும் வெயிலில் நின்றது.

வள்ளித்தாய் டீச்சர் மைக் முன்னால் வந்தார். "போன வாரம் ஒரு மாணவியை உடை விஷயமாக..." என்று மெதுவாக ஆரம்பித்தார்.

"பேரச் சொல்லுங்க டீச்சர்."

குரல் கேட்டுக்குப் பக்கத்திலிருந்து வந்தது. பிரேயர் முடியும்வரை தாமதமாக வந்தவர்களை நிறுத்தும் இடம். கம்பிக் கதவுக்கு அந்தப் பக்கம், பழைய பாவாடையில் முத்துப்பேச்சி நின்றாள். "கூப்பிடுறப்பப் பேரச் சொல்லித்தான கூப்பிட்டீக!"

நானூறு தலைகள் திரும்பின. வாட்ச்மேன் தலைமையாசிரியரைப் பார்த்தார். தலைமையாசிரியர் டீச்சரைப் பார்த்தார். டீச்சர் மைக்கைக் கிட்டே இழுத்தார். உரக்கச் சொன்னார்.

"முத்துப்பேச்சி. பத்தாம் வகுப்பு ஆ பிரிவு. நான் செய்தது தப்பு. கேட்டைத் திறங்க."

அவள் அவசரப்படவில்லை. மைதானம் முழுக்க நடந்துவந்து, கொடிக் கம்பத்தைத் தாண்டி, வரிசையில் சுமைரா பக்கத்தில் நின்றாள். சுமைரா நகர்ந்து இடம்விட்டாள். செங்கலும் செங்கலும் பக்கத்தில் பக்கத்தில்.

அடுத்தது நான். நாள் முழுக்க வாய் ஓயாமல் துணி விற்கிறவன், அந்த மைக் முன்னால் இரண்டு தடவை இருமினேன்.

"அந்தத் துணிய வித்தது நான்தான். கலர் வேறன்னு தெரிஞ்சேதான் வித்தேன். வெயில் போன பெறகு வந்தவங்களுக்கா பாத்து வித்தேன்."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். முத்துப்பேச்சி சிரிக்கவில்லை. என்னை ஒரு தடவைகூட நிமிர்ந்து பார்க்கவும் இல்லை. பையைத் திறந்து, கணக்கு நோட்டை எடுத்து, நின்றபடியே புரட்ட ஆரம்பித்திருந்தாள்.